சுவரில் மூன்று குத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யானை வருவதைக் காது சொல்லாது, கால்தான் சொல்லும். கூடலூர் டவுனில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீடெல்லாம் கெட்டி மண்ணில் இருக்கிறது. தேவர்சோலைக்கு மேலே எங்கள் எட்டு வீடும் இருப்பது ஒரு பழைய சதுப்பு வயலில். ரோடு போட மலையை வெட்டியபோது விழுந்த மண்ணையெல்லாம் அந்த வயலில் கொட்டி, மேலே ரோலர் ஓட்டி, வரிசையாக லயம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மண் இன்றைக்கு வரைக்கும் அடங்கி உட்காரவில்லை. மேல் ரோட்டில் கொழுந்து லாரி போனால்கூட எங்கள் வீட்டு பீரோவின் கைப்பிடி கிடுகிடுவென்று ஆடும்.

யானை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். கதவைத் தாழ் போடு, அடுப்பை அணை, லைட்டை அணை, செல்போனை அணை, வாயை மூடு. முதலில் யாருக்குத் தரை நடுங்குகிறதோ அவர்கள் பக்கத்து வீட்டுச் சுவரில் கையை மடக்கி மூன்று குத்து குத்துவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த சுவரில் குத்துவார்கள். ஒரே சுவரை இரண்டு வீடு பங்கு போட்டுக்கொள்கிற லயம் என்பதால் சேதி முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்கு மூச்சு விடுவதற்குள் போய்விடும். அதன் பிறகு அங்கே மனுஷரே குடியில்லை என்று தோன்றும். பிள்ளைகள் தும்மலை விழுங்கிக்கொள்ளும். யானை போய் வெகு நேரம் ஆகிற வரைக்கும், யார் வந்து கூப்பிட்டாலும் கதவு திறக்காது.

என் அப்பா திறந்தார். போய்விட்டதா என்று பார்க்கிறேன் என்று டார்ச்சோடு வாசலில் இறங்கியவரைப் பாயில் சுருட்டித்தான் கொண்டுவந்தோம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. மற்ற விஷயங்களிலும் அதிகம் கேட்பதில்லை என்று என் வீட்டுக்காரர் அருண்பிரசாத் சொல்வார், அது வேறு கதை.

இப்படிப்பட்ட என்னிடம் வந்து மாட்டினாள் என் நாத்தனார் ராஜகுமாரி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்று அவளுக்கு இருந்தது எங்கள் வீடுதான். வயநாட்டு எல்லையை ஒட்டி வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பக்கம் மலை இறங்கி ஊரையே அடித்துக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு மழைச் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே துணிப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். எட்டு மாச வயிற்றோடு ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தரையிலேயே ஊன்றியிருப்பாள்.

“அண்ணி, தரை ஆடுது. வாங்க, வெளிய போயிரலாம்.”

“லாரிடி.”

“லாரின்னு எப்படித் தெரியும்? மலையா இருந்தா?”

“மலைக்கு வேற வேலை இல்ல, உன் வளைகாப்புக்கு வரலையேன்னு வருத்தப்பட்டு இப்ப கெளம்பி வருது. படுடி.”

சிரிக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க என் காலும் தானாகத் தரையைத் தடவிப் பார்க்கும், அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கேலி செய்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை இது. தரை நடுங்கினால் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பேன் நான். தரை நடுங்கினால் வெளியே ஓட வேண்டும் என்பாள் அவள். அவளைப் பத்திரமாகப் பிள்ளை பெற வைத்து அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. மழைக்காலமோ பிறந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மண்ணைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். கோயம்புத்தூர் காலேஜில் இருந்து மனிஷா என்று ஒரு மேடம், கூட இரண்டு ஆட்கள். லயத்து முற்றம் நெடுக ஆணி வைத்த சின்னச் சின்ன டப்பாக்களைக் குத்தி வைத்து, எல்லாவற்றையும் ஒரு வயரில் கோத்தார்கள். பிறகு ஓர் இரும்புத் தட்டைத் தரையில் போட்டு, சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போய் நின்றோம். மேடம் ஓடி வந்தார்.

“ஏனுங்க அக்கா, கொஞ்ச நேரம் யாரும் நடக்காம இருங்க. நீங்க நடக்கறதெல்லாம் இதுல பதிவாயிருதுங்க.”

நான் டீ போட்டுக் கொடுத்தேன். ராஜி கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். அந்தப் பெண்ணும் பொறுமையாகச் சொன்னார்.

“அடிச்சா அலை கெளம்புதுங்க. அதுல ஒரு வகை, தரையோட மேல்தோலுலயே ஊர்ந்து போகும். பாறையில அது விறுவிறுன்னு ஓடிரும், ஆட்டமும் அவ்வளவா தெரியாது. இந்த மாதிரிக் கொட்டுன மண்ணுக்கு வந்தா வேகம் செத்துப்போகும். வேகம் கொறையக் கொறைய ஆட்டம் பெருசாகுமுங்க. ஈர மண்ணுன்னா இன்னும் மோசம்.”

பிறகு ராஜியை எங்கள் வீட்டுக்குள் பீரோவில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, முற்றத்துக்கு அப்பால் ஓடைக்கரையில் போய் ஓர் அடி அடிக்கச் சொன்னார். ஒரே ஓர் அடிதான், நான் கண்ணால் பார்த்தேன். ராஜி உள்ளேயிருந்து வந்து, “ஒரு அடியா? கைப்பிடி ஆடிக்கிட்டே இருந்துச்சே” என்றாள். பிறகு எங்கள் வாசலிலேயே ஓர் அடி அடித்தார்கள், அது மட்டும் அவளுக்கு ஒரே அடியாகவே தெரிந்ததாம்.

“அதாங்க விஷயம். நீளமான அலை ஆழமா எறங்கி, அடியில இருக்கற கெட்டி மண்ணப் புடிச்சு முன்னாடி வந்துருமுங்க. குட்டை அலை மேல இருக்கற பொதபொத மண்ணுலயே சிக்கிக்கிட்டுப் பின்னாடி வரும். அதனால தூரத்துல விழுந்த ஒரு அடி இங்க வர்றப்ப இழுத்து இழுத்து நடுக்கமாயிருது. கிட்ட விழுந்தா அப்படி இழுக்க நேரமில்லீங்க.”

எனக்குச் சட்டென்று யானை ஞாபகம் வந்தது. முதலில் இடைவிடாத நடுக்கம், அப்புறம்தான் அது தம், தம் என்று அடியாகப் பிரியும். பிரிந்தால் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டுக் குறித்துக்கொண்டார். போகும்போது ராஜியின் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, விடாம மழை பேஞ்சு தரை நடுங்குச்சுன்னா ஊட்டுக்குள்ள இருக்காதீங்க. மேல் ரோட்டுக்குப் போற வழியில இருக்கற அந்தத் தண்ணித் தொட்டிப் பாறைக்குப் போயிருங்க. சுத்துவட்டாரத்துல அது ஒண்ணுதான் கெட்டி.”

“யானையா இருந்தா மேடம்?”

“பிரியுதான்னு பாருங்க. பிரியலைன்னா கெளம்பிருங்க.”

“பிரியற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமே. மலையா இருந்தா அதுக்குள்ள வந்துராதா?”

அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். “தெரியலீங்க அக்கா” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அன்றிலிருந்து என் தூக்கம் கெட்டது. அதுவரைக்கும் எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது இரண்டு, இரண்டும் ஒரே மாதிரி நடுங்கும், ஒன்று உள்ளே போ என்கிறது, இன்னொன்று வெளியே ஓடு என்கிறது.

ஆடி மாசத்தில் மழை பிடித்தது. வெள்ளி, சனி விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் வெறித்ததும், சாமான் வாங்க ஆண்கள் ஜீப் பிடித்துக் கூடலூருக்குப் போய்விட்டார்கள். லயத்தில் மிச்சம் இருந்த ஆம்பளை, காலில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் இருந்த பொன்னுத்துரை அண்ணன் மட்டும்தான். மலைப்பனி இறங்கி எதிரே இருக்கிற தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பீரோ கைப்பிடி ஆட ஆரம்பித்தது.

லாரி என்று நினைத்தேன். லாரி என்றால் வந்து, கூடி, குறைந்து போகும். இது குறையவில்லை. பாதத்துக்கு அடியில் தரை மெல்ல மெல்ல உதறியது. ராஜி அதற்குள் எழுந்து பையைத் தூக்கிவிட்டாள். நான் பாய்ந்து கதவைத் தாழ் போட்டேன். அடுப்பை அணைத்தேன். பக்கத்து வீடு தபித்தாள் அக்காவுடையது. அந்தச் சுவரில் மூன்று குத்து குத்தினேன். அங்கிருந்து அடுத்த சுவருக்குப் போன குத்தும் கேட்டது. பிறகு லயம் அடங்கிவிட்டது.

“அண்ணி, கதவத் தொறங்க.” ராஜியின் குரல் கிசுகிசுப்புதான், ஆனால் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

“பிரியட்டும்டி. பிரியுதான்னு பாப்போம்.”

“பிரியலைன்னா?”

நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். எட்டு மாசக்காரியைத் தள்ளவும் முடியாது, விடவும் முடியாது. அப்படியே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் வயிறு என் வயிற்றில் அழுந்தியது, உள்ளே குழந்தை புரண்டது எனக்கே தெரிந்தது. தரை நடுங்கிக்கொண்டே இருந்தது. பிரி, பிரி என்று மனசுக்குள் கெஞ்சினேன். இது மலையாக இருந்தால் இந்தப் பெண்ணையும் பிள்ளையையும் நானே கதவைப் பூட்டிக் கொல்கிறேன். யானையே, வந்துவிடு. என் அப்பாவைக் கொன்ற ஜாதியைப் பார்த்து வா, வா என்று நான் வேண்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிரிந்தது. முதலில் சந்தேகமாக, அப்புறம் தெளிவாகத் தம், தம், தம் என்று.

“யானைதான்டி!” என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அடிகள் வாசலுக்கு வந்தன. பாத்திரம் கழுவுகிற மேடையில் எதுவோ உருண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மூச்சுக் காற்று. நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை, வேகமாக முற்றத்தைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட்டன. பட்டப்பகலில், சாப்பாட்டைக்கூட மோந்து பார்க்காமல், அந்த வேகத்தில் ஏன் போகின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

“பாத்தியா, உன் மலை நாலு காலோட வந்துட்டுப் போகுது” என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். வந்து இத்தனை நாளில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அடிகள் மறுபடியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நடுக்கமாயின. தூரம் போகிறது, சரிதான். இனிக் குறைய வேண்டும். நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறையவில்லை. அரிசிப் பானை மேடையிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. இத்தனை நேரத்துக்கு யானை ஓடையைத் தாண்டியிருக்கும். அப்படியானால் இது என்ன?

“ராஜி, எந்திரி. போவோம்.”

“எங்க?”

“பாறைக்கு.”

“வெளிய யானை இருக்கு அண்ணி.”

“எந்திரிடி!”

“நீங்கதானே சொன்னீங்க? போனப்புறமும் தொறக்கக் கூடாதுன்னு. அதுதான் தூரமாப் போகுது, அதான் சேந்து நடுங்குது. மேடம்கூடச் சொன்னாங்கல்ல.” அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். நான் ஊட்டிய பாடத்தை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். இத்தனை நாள் ஓடத் துடித்தவளைப் பயம் தெளிய வைத்து உட்கார வைத்தது நான். இப்போது கையைப் பிடித்து இழுத்தாலும் வர மாட்டேன் என்கிறாள். அவள் உள்ளங்கையை எடுத்துத் தரையில் அழுத்தினேன். “குறையுதா? நீயே சொல்லு, குறையுதா?”

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பையைக்கூட எடுக்காமல் எழுந்தாள்.

வெளியே பனி கண்ணை மறைத்தது. ஓடை இரைந்தது, என்றைக்கும் இல்லாத இரைச்சல், தண்ணீரோடு கல் உருள்கிற சத்தமும் கலந்து. ராஜியை முற்றத்தில் நிறுத்திவிட்டுத் தபித்தாள் அக்கா கதவில் இரண்டு கையாலும் குத்தினேன்.

“அக்கா, மலை எறங்குது! வெளிய வாங்க!”

கதவிடுக்கில் அவள் குரல் மட்டும் வந்தது. “சரிதா, பைத்தியமாடி உனக்கு? கொம்பன் இங்கதான் நிக்கிறான். தரை ஆடுது பாரு. புள்ளத்தாச்சிய உள்ள கூட்டிட்டுப் போ.”

“அது யானை இல்லக்கா!”

மறுபடியும் குத்தினேன். அப்போது கேட்டது அந்தச் சத்தம். உள்ளே யாரோ அடுத்த சுவரில் குத்துகிறார்கள். அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், கடைசி வரைக்கும். மூன்று, மூன்று, மூன்று. நான் கதவில் குத்தக் குத்த, யானை கிட்டே வந்துவிட்டது என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இன்னும் அடங்கிப்போகிறார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. உள்ளே போ என்பதற்கு எங்களிடம் குத்து இருக்கிறது, வெளியே வா என்பதற்கு ஒன்றும் கிடையாது. வரிசை நெடுக ஓடிக் கத்தினேன். ஒரு கதவும் அசையவில்லை. எல்லோரையும் இங்கேயே விட்டுவிட்டு ராஜியை மட்டும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று திரும்பினேன்.

அவள் முற்றத்து நடுவில் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு கத்து கத்தினாள்.

“அய்யோ அம்மா! வலி தாங்கலையே! தபித்தா அக்கா! புள்ள வருது!”

நான் திகைத்து நின்றது ஒரு கணம்தான். இவர்களை வெளியே வரவைக்க நடிக்கிறாள், அடி என் ராசாத்தி என்று மனசு துள்ளியது. நானும் சேர்ந்து கத்தினேன். “ராஜிக்கு வலி கண்டுருச்சு! யாராவது வாங்க!”

தபித்தாள் அக்கா கதவு திறந்தது. யானை நின்றாலும் சரி, புலி நின்றாலும் சரி என்று கையில் பழைய சேலையோடு ஓடி வந்தாள். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. பொன்னுத்துரை அண்ணன் நொண்டிக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்தார். பிள்ளைகள் தனியாக இருக்கப் பயந்து அம்மாமார்கள் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தன. “வீட்டுக்குள்ள கொண்டு போங்க” என்று யாரோ சொன்னார்கள். “ஆம்புலன்ஸ் மேல் ரோட்டுக்குத்தான் வரும், தொட்டிப் பாறைக்குத் தூக்குங்க!” என்றேன். நாற்காலியை நான்கு பேர் பிடித்தோம். ராஜி விடாமல் கத்தினாள். பனிக்குள் யானை எந்தப் பக்கம் நிற்கிறதோ என்று ஒவ்வொரு அடிக்கும் என் உயிர் போய் வந்தது. கால் புதைகிற மண்ணெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. பாறையில் கால் வைத்ததும் அந்த நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டது, அல்லது பாதத்துக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடைசிப் பிள்ளையைப் பொன்னுத்துரை அண்ணன் கை கொடுத்து மேலே தூக்கியபோது மலை வந்தது. நாங்கள் பார்க்கவில்லை, பனியில் எதுவும் தெரியவில்லை. மரங்கள் முறிகிற சத்தம், தகரம் கிழிகிற சத்தம், ஈர மண் வாடை. கீழேயிருந்து குளிர்ந்த காற்று ஒன்று ஏறி எங்கள் முகத்தில் சேற்றைத் தெளித்தது. கொஞ்சம் பனி விலகியபோது லயத்தில் பாதி இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. தபித்தாள் அக்கா வீடும் இல்லை, எங்கள் வீடும் இல்லை. மேல் ரோட்டின் வளைவையும் காணவில்லை. ஒருத்தரும் அழக்கூட இல்லை, அவரவர் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, “போதும்டி, எல்லாரும் வந்துட்டாங்க. நிறுத்து” என்று காதில் சொன்னேன்.

அவள் நிறுத்தவில்லை. தபித்தாள் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எதை நிறுத்தச் சொல்றே? பனிக்குடம் ஒடஞ்சு நாற்காலியெல்லாம் தண்ணி. கண்ணு தெரியலையா உனக்கு?”

ரோடு இல்லை, சிக்னல் இல்லை, இன்னும் மாசம் ஆகாத பிள்ளை. அப்போது பாறைக்குக் கீழே, மிகக் கிட்டே, பனிக்குள்ளிருந்து யானை பிளிறியது. அது வந்ததைப் பாறை எங்களுக்குச் சொல்லவே இல்லை. எல்லோரும் பழக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டோம். தாய்மார்கள் பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள். ராஜிக்கு அடுத்த வலி வந்தது. அவள் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. என் கை தானாகவே அவள் வாயைப் பொத்தப் போனது.

சற்று முன்புவரை யானைக்குப் பயந்து கதவைத் திறக்காத தபித்தாள் அக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

“விடு. கத்தட்டும்.”